போர்வைக்குள் முப்பது

சமையலறையில், வீட்டைச் சூடாக்கும் கொதிகலனின் முன்தகட்டைக் கழற்றிவிட்டு மண்டியிட்டிருந்தவன் ஃபிரூசேயின் கணவன் குத்ரத். டார்ச் பிடித்தவன் அவள் தம்பி அஸ்லான். தேநீர்ச் சமோவர் பக்கத்தில் அம்மா தூபா. நிலைப்படியில் சாய்ந்து ஃபிரூசே. உள்ளறையில் ஜன்னலை விரியத் திறந்து வைத்து, முகத்தை மூடி, அப்பா யதுல்லா.

விடியும்போது போய்விட்டார். சராப் சாலை முழுக்கப் பனி. கல்லறைக்குக் கொண்டுபோகும் வண்டி மதியம்தான் வரும் என்றார்கள்.

காலையிலிருந்து கொதிகலன் நிற்கவேயில்லை. அதன் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்களில் கை வைக்க முடியவில்லை.

"அணைச்சுத் தொலைங்களேன் அத்தான்."

"வெளிய மைனஸ் இருபதுடா. அணைச்சா குழாய் உறைஞ்சு வெடிக்கும். துக்கத்துக்கு வர்றவங்கள எங்க உக்கார வைப்ப, உன் தலையிலயா?"

"நீங்க ரிப்பேர் பண்ணி முடிக்கிறதுக்குள்ள வசந்தமே வந்துடும்."

குத்ரத் பம்பைத் தட்டிப் பார்த்தான். அழுத்தம் பார்த்தான். குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றினான். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தீ மட்டும் எரிந்துகொண்டேயிருந்தது.

"ஒரு மாசமா எரியவே மாட்டேன்னுச்சு," என்றாள் ஃபிரூசே. "அப்பா நடுங்கினப்ப எரியல. இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"தெர்மோஸ்டாட் எங்க?" என்றான் குத்ரத்.

கம்பியில்லாத சின்ன டப்பா அது. தான் இருக்கும் இடம் குளிர்ந்தால் கொதிகலனை எரியச் சொல்லும், சூடானால் நிறுத்தச் சொல்லும். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"அவர்தான் ஒளிச்சு வெச்சிருந்தாரு," என்றாள் தூபா. "நீங்க வந்து வந்து சூட்டைக் குறைக்கிறீங்களாம்."

ஃபிரூசே உள்ளறைக்குப் போனாள். உடல் இருப்பதால் அங்கே மட்டும் ரேடியேட்டரை அடைத்திருந்தார்கள். மூச்சு புகையாக வந்தது. போர்வைக்குள் கைவிட்டுத் தேடினாள். விலாவோரம், இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் இருந்தது. வேண்டிய சூடு முப்பது. இருக்கும் சூடு ஒன்பது.

முந்தாநாள் அவளிடம், "குளிருதும்மா," என்றார்.

"டப்பா உங்ககிட்டதானே இருக்கு, ஏத்திக்க வேண்டியதுதானே," என்று சிடுசிடுத்துவிட்டு இன்னொரு போர்வையை எடுத்துப் போர்த்தினாள்.

ஏற்றித்தான் இருக்கிறார். அதற்குமேல் அதில் எண் கிடையாது. போர்வைக்குள் அவர் உடம்புச் சூட்டில் அது முப்பத்துமூன்று காட்டி, எரிய வேண்டாம் என்றிருக்கும்.

அதை எடுத்துத் தன் ஸ்வெட்டருக்குள், அக்குளில் வைத்து இடுக்கிக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"நின்னுடுச்சு! பம்புதான்னு சொன்னேன்ல!" என்று கத்தினான் குத்ரத்.

வண்டி வந்தது. நான்கு பேர் பனி ஒட்டிய காலணிகளோடு உள்ளே வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஃபிரூசே கடைசியாக வந்தாள்.

"அந்த டப்பா கிடைச்சுதா?" என்றாள் தூபா.

"இல்லம்மா."

"கையை ஏன் இப்படி இடுக்கிக்கிட்டு நிக்கிற? வலியா?"

"குளிருது."

அவள் படியிறங்கினாள். தூபா பின்னாலேயே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினாள்.