முப்பது தப்படி தூரம்

பக்கத்து வீட்டு நடிகர் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு எங்கள் குடியிருப்பின் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபோது, பகுதிநேர வேலை கிடைத்துவிட்டது போல என்றுதான் நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் கல்யாணமான மாணவர்களுக்கென்று ஒதுக்கிய மூன்று மாடிக் கட்டடம் அது. அவர் நாடகத்துறையில் இரண்டாம் வருடம். எனக்கு முப்பத்தெட்டு வயது, சட்டப் படிப்பில் கடைசி வருடம். என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தொன்று, ஆசிரியர் பயிற்சி. லாரி புக்கிங் ஆபீஸில் பதினாறு வருடம் குப்பை கொட்டிய இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையை விட்டுவிட்டுப் படிக்கக் கிளம்பினோம். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஸ்கூல் பேக் வாங்கித் தரட்டுமா?" என்று என் நாத்தனார் கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை, வாங்கியும் தந்தாள்.

அந்த வருடக் கடைசியில் எனக்கு மாதிரி நீதிமன்றத் தேர்வு. கூண்டு, மேடை, கறுப்பு அங்கி எல்லாம் அசல் கோர்ட்டு போலவே இருக்கும். வழக்கு மட்டும் வருடா வருடம் ஒன்றேதான். பட்டப்பகலில் ஒரு தையல்கடையிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போன ஆளை, முப்பது தப்படி தள்ளி நின்ற வாட்ச்மேன் பார்த்து அடையாளம் சொல்கிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் அந்த வாட்ச்மேனைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். வாட்ச்மேனை நாடகத்துறையிலிருந்து இரவல் வாங்குவார்கள். அவருக்கு ஒரு பக்கக் குறிப்பு தரப்படும், நகல் வக்கீல்களுக்கும் உண்டு. அதில் உள்ளதை மாற்றிச் சொல்லக் கூடாது. அவர் பாத்திரமாகவே எப்படி வாழ்கிறார் என்று பார்க்க, அவருடைய வாத்தியார் பின்வரிசையில் உட்கார்ந்து தனியாக மார்க் போடுவார். போன வருடம் இதே தேர்வில் நான் கோட்டை விட்டேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், "அவ்வளவு தூரத்துலேருந்து எப்படி உறுதியா சொல்றீங்க?" என்று வாயைக் கொடுத்தேன். "அவன் என் மச்சானுங்க" என்றார் அந்த வருட வாட்ச்மேன். குறிப்பின் கடைசி வரியில் இருந்ததாம், நான்தான் சரியாகப் படிக்கவில்லை. இந்த வருடக் குறிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இந்த முறையும் போனால் இன்னொரு வருடம் வீண். பேர்பெற்ற வக்கீலம்மா ஒருவர் என்னை ஜூனியராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இந்த மாதக் கடைசிவரைதான் காத்திருப்பேன் என்றும் சொல்லியிருந்தார்.

வீட்டில் என் கணவர்தான் எனக்குச் சாட்சி, நான்தான் அவருக்கு ஏழாம் வகுப்பு. அவர் பின்னம் நடத்தும்போது நான் நாற்பது பிள்ளைகளாக உட்கார்ந்து அரட்டை அடிக்க வேண்டும். நான் விசாரிக்கும்போது அவர் கூண்டில் நிற்கிற மாதிரி அடுப்படி வாசலில் நிற்க வேண்டும். ஆனால் நிற்கத்தான் தெரியும் மனுஷனுக்கு. சம்பவ தினத்தன்று எங்கே இருந்தீர்கள் என்று நான் அதட்டினால், "நல்ல கேள்வி. வேற யாருக்காவது இந்தச் சந்தேகம் இருக்கா?" என்பார். இந்த லட்சணத்தில் எங்கே உருப்படுவது.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டியல் ஒட்டினார்கள். என் வழக்கின் சாட்சி பக்கத்து வீட்டு நடிகர். காக்கிச் சட்டையின் மர்மம் அப்போதுதான் விளங்கியது. எதிர்த்தரப்புச் சாட்சியிடம் முன்கூட்டியே பேசக் கூடாது, பேசினால் தேர்வே ரத்து. அன்றிலிருந்து அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டா நடக்க முடியும்? நான் தெருமுனை திரும்பும்போதே அவர் நெற்றியில் கை வைத்து, கண்ணை இடுக்கி, "யாரது?" என்பார். சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டிய பிறகுதான் முகம் மலர்ந்து சலாம் வரும். ஒரு நாள் துணிக்கடை வேலை முடிந்து வந்த தன் மனைவியையே நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று விசாரித்தார். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பாவங்க, முப்பது வயசுலயே கண்ணு இப்படி ஆயிருச்சே" என்றேன் கணவரிடம்.

"கண்ணாடி போடச் சொல்ல வேண்டியதுதானே."

"நான் பேசக் கூடாதே."

"அப்ப நான் சொல்லவா?"

"நீங்களும் சும்மா இருங்க" என்றேன். சொன்ன மறுநிமிடமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது தப்படி தள்ளி நின்று திருடனைப் பார்த்த சாட்சிக்குத் தூரப் பார்வை இல்லை. விதிப் புத்தகத்தை எடுத்து மூன்று தடவை புரட்டினேன். பேசக் கூடாது என்றுதான் இருந்தது, பார்க்கக் கூடாது என்று இல்லை. மறுநாள் காலையில் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து கேட்டுவரை எண்ணிக்கொண்டே நடந்தேன். பன்னிரண்டு தப்படி. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தேர்வன்று நீதிபதி இருக்கையில் எங்கள் சட்டப் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். மார்க்கைக் கத்தரிப்பதால் அவருக்குப் பெயர் கத்திரி. எதிரில் அரசுத் தரப்பில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன். தும்மினாலும் எழுந்து மறுப்பதால் அவனை ஆட்சேபணை என்றுதான் கூப்பிடுவோம். பின்வரிசையில் நாடகத்துறை வாத்தியாரும், அவர் பக்கத்தில் பாடக்குறிப்பு நோட்டோடு என் கணவரும். நான் இரண்டு கேள்வி சும்மா பேருக்குக் கேட்டுவிட்டு, கூடத்தின் கோடியில் வாசல் கதவுக்கு மேலிருந்த கடிகாரத்தைக் காட்டினேன்.

"அதுல மணி என்னன்னு சொல்லுங்க."

சாட்சி கண்ணை இடுக்கினார். கழுத்தை நீட்டினார். "கடிகாரமுங்களா அது? ஏதோ தட்டுன்னு நெனச்சேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. நான் ஜெயித்தே விட்டேன் என்று அங்கியைச் சரிசெய்துகொண்டேன். ஆட்சேபணை எழுந்தான்.

"ஐயா, கண்ணு தெரியாதுன்னு குறிப்புல இல்ல. போன மாசம் ஹாஸ்டல் கிரிக்கெட்ல இவர் எல்லைக்கோட்டுல கேட்ச் புடிச்சதை நானே பாத்தேன். இவருக்குக் கழுகுக் கண்ணு."

எனக்குத் தலை சுற்றியது. அப்படியானால் கேட்டில் நடந்தது அத்தனையும் நடிப்பு. குறிப்பு சும்மா விட்ட இடத்தையெல்லாம் இந்த மகராசன் தன் கற்பனையால் நிரப்பி, கட்டிய பெண்டாட்டியைக்கூட நிறுத்தி விசாரித்து, வாட்ச்மேனாகவே வாழ்ந்து தொலைத்திருக்கிறார். நானும் அதை நிஜம் என்று நம்பிப் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

கத்திரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சாட்சிக்குக் கண்ணு தெரியாதுன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. கூண்டில் ஏறும்போது தடுமாறினார், அதை வைத்துக் கேட்டேன் என்று சொன்னால் போதும், முழு மார்க். உண்மையைச் சொன்னால் சாட்சியோடு தொடர்பு என்று தேர்வையே ரத்து செய்வார், வக்கீலம்மாவின் ஜூனியர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் போட்ட அங்கி கசங்குவதற்குள் கோர்ட்டில் நின்று பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"பக்கத்து வீடுங்கய்யா. ஒரு வார்த்தை பேசல. ஆனா பத்து நாளா கேட்டுல பாத்தேன். கிட்ட வந்தாத்தான் இவருக்கு ஆள் தெரியுது."

கத்திரி சாட்சியிடம் திரும்பினார். "நடிப்பை விட்டுட்டுச் சொல்லுங்க. இந்தம்மா உங்ககிட்ட பேசினாங்களா?"

நடிகர் பின்வரிசையில் இருந்த தன் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் பேனாவைத் திறந்தார். வேஷம் கலைந்தால் அவருக்கும் மார்க் போச்சு. நடிகர் என் பக்கம் கழுத்தை நீட்டிக் கண்ணை இடுக்கினார்.

"எந்தம்மாங்கய்யா? இங்கேருந்து முகமே தெரியலையே."

கூடம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கத்திரி அங்கி நுனியால் வாயை மூடிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு துண்டுத் தாளை என்னிடம் நீட்டினார். "எத்தனை தப்படியில இவருக்கு ஆள் தெரியும்னு எழுதிக் குடுங்க. சாட்சிக்குத் தெரிய வேண்டாம். பத்து நாளா இப்படித்தானா, இல்ல இப்பத்தான் இட்டுக்கட்டுறாரான்னு பாத்துருவோம்." பன்னிரண்டு என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். வாசல் கதவுவரை போய், கூண்டை நோக்கி நடந்து வரச் சொன்னார். அங்கிருந்து கூண்டுவரை ஆட்சேபணை அளந்து பார்த்து முப்பது தப்படி சரி என்றான். அவன் மறுக்காத ஒரே விஷயம் அதுதான்.

நான் நடந்தேன். கூடமே தலைகீழாக எண்ணியது. எல்லோரையும்விடச் சத்தமாக, ஏழாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரலில், என் கணவர் எண்ணினார். இருபது, பத்தொன்பது. சாட்சி நெற்றியில் கை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். பதினைந்து. பதின்மூன்று. ஒன்றும் இல்லை. பன்னிரண்டு. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். தெரிந்ததா, இல்லையா? நான் அடுத்த காலை எடுத்து வைத்தேன். அப்போதுதான் அவர் முகம் அகலமாக விரிந்தது, குதிகாலைச் சேர்த்து விறைப்பாக ஒரு சலாம் வைத்தார்.

பதினொன்று. என் கணவர் எண்ணுவதை நிறுத்தாமல் பத்து என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கத்திரி மடித்த தாளைப் பிரித்தார். அதைப் பார்த்தார், சாட்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மார்க் பட்டியலை இழுத்துக் குனிந்து எழுதத் தொடங்கினார். மேடை உயரம், தாள் சின்னது, அவர் எழுத்து எறும்பு ஊர்வது போல இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து, நெற்றியில் கை வைத்து, கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன்.