வேலிக்குள் இருநூறு பேர்

றீற்றாவின் மகன் சுரேன், ஜெர்மனியின் வுப்பர்டால் நகர மாணவர் உதைபந்தாட்ட அணி ஒன்றின் தலைவன். முதற்பிரிவுக்கு ஏற வேண்டிய வெற்றிகளெல்லாம் 2007இல் அவர்களிடம் இருந்தன, பார்வையாளர்கள்தான் இல்லை. கடைசிப் போட்டி தொடங்கும்போது மைதான வேலிக்குள் இருநூறு பேர் நிற்க வேண்டுமாம். அதுவரை வந்த பெருங்கூட்டம் முப்பத்தொன்பது. அதிலும் ஒருவர் புல் வெட்ட வந்தவர்.

"ரெண்டு மணிக்கு எண்ணுவினம் அம்மா. வாற வருசத்தோட எனக்குப் படிப்பு முடியுது. இப்ப ஏறாட்டி பிறகு ஏலாது," என்றான் சுரேன்.

றீற்றா ஆட்டிறைச்சி றோல்ஸும் புரியாணியும் அறிவித்தாள். நம் தமிழாட்களுக்குச் சொல்லும் பொறுப்பு எனக்கு. பன்னிரண்டு மணி என்று சொல்லச் சொன்னாள். நம்மவர்கள் நேரத்துக்கு வந்த சரித்திரம் உண்டா? நான் பத்து என்றேன். அவளே ஏற்கெனவே இரண்டு மணித்தியாலம் கழித்திருந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டுக்கே மைதானம் பட்டுச்சேலைகளால் நிறைந்துவிட்டது. பசி என்றார்கள், றீற்றா பரிமாறினாள். ஒரு மணிக்குள் சட்டி காலி. சாப்பிட்டுக் கை கழுவினால் நமக்கு விசேஷம் முடிந்த மாதிரிதானே? முன்வரிசையில் இருந்த பாலாம்பிகை கைப்பையைத் தூக்கினாள். பின்னால் ஊரே எழுந்தது.

சுரேன் பூட்சுக் காலோடு ஓடிவந்தான். "அன்ரி, இன்னும் விளையாட்டே தொடங்கேல்லை!"

"அதுக்கென்ன தம்பி, வடிவா விளையாடுங்கோ. றோல்ஸ் திறம்."

இரண்டு மணிக்கு, லீக்கிலிருந்து வந்த ஜெர்மன் பெண்மணி இருக்கைகளில் இருந்தவர்களை எண்ணினாள். முப்பத்துநான்கு. றீற்றாவின் முகம் செத்துப்போயிற்று.

நான் கார் தரிப்பிடத்தைக் காட்டினேன். அதுவும் வேலிக்குள்தான். முக்கால் மணித்தியாலமாக "அப்ப போட்டு வாறம்" சொல்லிக்கொண்டு ஒருவரும் போகாமல் நின்றார்கள். பெண்மணி விதிப்புத்தகத்தைப் புரட்டினாள், தோளைக் குலுக்கினாள், அங்கே நடந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பாலாம்பிகையின் புருஷன் இராசலிங்கம் காரை ஸ்டார்ட் செய்தார். ஒரு கார் புறப்பட்டால் எல்லாம் புறப்படும். ஓடிப்போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

"அண்ணை, கோயில் நிர்வாகத்தில நேற்று நடந்தது தெரியாதோ?"

இஞ்சின் நின்றது. பாலாம்பிகை இறங்கியே விட்டாள். பக்கத்துக் கார்க் கதவுகளும் திறந்தன. நேற்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் பத்து நிமிடம் விபரமாகச் சொன்னேன். பெண்மணி எங்களைச் சுற்றிச் சுற்றி எண்ணி முடித்தாள்.

இருநூற்றாறு.

ஆட்டம் ஐந்துக்குப் பூச்சியம், தோல்வி. நம்மவரில் அதைப் பார்த்தவர் யாருமில்லை என்பதால் பெரிய வெட்கமுமில்லை. முதற்பிரிவு கிடைத்துவிட்டது. சுரேன் தாயைக் கட்டிப்பிடித்துவிட்டு, பேச்சை மெல்ல இழுத்தான்.

"அம்மா, முதற்பிரிவில ஏழு போட்டிக்கும் இருநூறு பேர் வேணும்."

றீற்றா என் பக்கம் திரும்பினாள். "யோகமக்கா, றோல்ஸ் நான் பாக்கிறன். கோயில் கதை ஏழு கிழமைக்குத் தாங்குமோ?"

"ஏன் தாங்காது?" என்றேன். "பொருளாளரை இன்னும் தொடவேயில்லையே."