பால் வடியும் நேரம்

தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சம் ஒரு மரத்துக்குத்தான் காணும். அடுத்த மரம் இருட்டுக்குள் நிற்கும். கேரளத்தின் எல்லையோரம் ஆரியங்கோட்டுச் சரிவில் கிடக்கும் விஜயதாஸ் முதலாளியின் ரப்பர் தோட்டத்தில், விடியும் முன்பே ஆனந்தபாய் வெட்டுக்கு இறங்கிவிட்டாள். பட்டையின் பழைய காயத்தில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை நகத்தால் கிள்ளி உரித்து இடுப்புக் கூடையில் போட்டாள். கத்தியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சரித்து இழுத்தாள். ஆழம் போனால் மரம் கெடும், மேலே நின்றுவிட்டால் பால் வராது. வெள்ளைக் கோடு ஒன்று துளிர்த்து, தகர மூக்கு வழியாகத் தேங்காய்ச் சிரட்டையில் சொட்டியது. முதுகு விண்விண் என்று தெறித்தது. கொசுக்களுக்கோ அவள் கணுக்கால்மேல் தனிப் பிரியம்.

இரண்டு மரம் தள்ளி, சாக்கை மடித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள் லிஜி. பத்து வயதாகியும் அவள் வாயில் நாலைந்து வார்த்தைகள்தாம். அம்மா, சோறு, மழை, வேண்டாம். அந்த 'வேண்டாம்' மட்டும் அட்சர சுத்தமாக வரும். அவள் அப்பன் ஈசாக் மங்கலாபுரம் பக்கம் வெட்டு வேலைக்குப் போனவன். முதலில் மாதாமாதம் வந்தான், அப்புறம் கிறிஸ்துமசுக்கு வந்தான், அப்புறம் வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் எத்தனை நாளைக்கு வருவான்?

மற்றவர்கள் மட்டும் என்னவாம்? ஜெபக்கூடத்தில் லிஜி உட்காரும் பாயில் வேறு பிள்ளை உட்காராது. கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள், "நீ மட்டும் வந்தாப் போரும் கேட்டியா" என்று தேனொழுகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனந்தபாய் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. ராத்திரி அவள் பேசுவதெல்லாம் லிஜியோடுதான். பதிலும் அவளேதான் சொல்லிக்கொள்வாள்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு நேரம். மரத்தை வெட்டிவிட்டால் பால் வடிந்து தீர ரெண்டு மூணு மணி நேரமாகும். மற்ற வெட்டுக்காரர்கள் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை நிழலில் கூடி மரச்சீனிக் கிழங்கும் கட்டன்சாயாவுமாகக் கதையளப்பார்கள். ஆனந்தபாய் மட்டும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு சரிவிறங்கி ஓடுவாள். ரோட்டோரம் பழைய நெசவுக்கூடத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடந்தது. லேகா டீச்சர் அங்கே பெற்றோருக்கும் ஒரு மணி நேர வகுப்பு வைத்திருந்தாள். வருகிற தாய்மாரில் பாதிப்பேர் வெட்டுக்காரிகள் என்று தெரிந்து, வகுப்பையே பால் வடியும் நேரத்துக்கு மாற்றினவள் அவள்.

"நான் இங்க படிப்பிக்கியத நீங்க வீட்டுல செய்யாட்டா ஒண்ணும் நிக்காது. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வேலைய எடுங்க. சின்னச் சின்னதா உடைச்சு, ஒண்ணு ஒண்ணாப் பழக்குங்க" என்பாள் டீச்சர்.

ஒருத்தி சட்டைப் பொத்தானை எடுத்தாள், ஒருத்தி பாத்திரம் கழுவுவதை எடுத்தாள். ஆனந்தபாய்க்குத் தெரிந்தது சிரட்டை. நிறைந்த பாலை வாளியில் ஊற்று, உள்ளே ஒட்டியதை விரலால் வழி, மழைத்தண்ணி நிற்காதபடி சிரட்டையைக் கமத்தி, கம்பி வளையத்தில் வை. கவிழ்ப்பதை அந்த ஊரில் கமத்துவது என்பார்கள். ஊற்று, வழி, கமத்து. ஒரு மழைக்காலம் முழுக்க லிஜியின் கையைத் தன் கைக்குள் வைத்து அவள் இதையே சொன்னாள். லிஜி ஊற்றினாள், வழித்தாள். மூன்றாவதுதான் படியவில்லை.

அப்போதுதான் ரப்பர் விலை சரிந்தது. தொண்ணூற்றெட்டாம் வருடம். விலை ஏறியபோது வெட்டுக்காரனுக்கு ஒரு காசு ஏறவில்லை, இறங்கியதும் பாரம் நேராக அவன் தலையில் வந்து இறங்கியது. "பால் வடியுத நேரம் சும்மாதான இருக்கிய? அந்நேரம் ஆளுக்கு ஒரு பிளாக்கு மரம் கூட வெட்டணும். கூலி பழையதுதான்" என்றார் முதலாளி. வெட்டுக்காரரில் மூத்தவரான ஞானையன் அண்ணன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லாருக்கும். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கத்தியை எடுத்தார்கள்.

ஆனந்தபாயின் ஓட்டம் நின்றது. லிஜி நாள் முழுக்கச் சாக்கோடு தோட்டத்திலேயே கிடந்தாள். ஒரு நாள் மாலை லேகா டீச்சர் வீடு தேடி வந்தாள்.

"அக்கா, ரெண்டு மூணு பிள்ள இடம் கேட்டு நிக்குது. பெத்தவங்க வராட்டா அந்த இடத்த வேற பிள்ளைக்குக் குடுக்கணும்னு கமிட்டி சொல்லுது. இந்த மாசக் கடைசி வரை நான் பிடிச்சு நிறுத்தியிருக்கேன்."

"நான் வராட்டாலும் அவள எடுக்கப்படாதா டீச்சரே?"

"நீங்க இல்லாம அவ சிரட்டையத் தொடமாட்டா அக்கா. எனக்க கையில அவ பழகல்ல, உங்க கையிலயாக்கும் பழகினா."

டீச்சர் போன பிறகு ஆனந்தபாய் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். லிஜி வந்து அவள் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மழை" என்றாள்.

மறுநாள் அது நடந்தது. இரண்டாம் பிளாக் பாறைச் சரிவு, பாம்பு நடமாட்டம் உண்டு. பிள்ளையை முதல் பிளாக்கிலேயே விட்டு, "மக்கா, இங்க இரி, அம்ம இப்ப வாறேன்" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். மேலே வெட்டிக்கொண்டிருக்கும்போது முதலாளியின் ஜீப் கீழே வந்து நின்றது. அவர் போட்ட சத்தம் பாறை வரை கேட்டது. கத்தியோடு கீழே ஓடி வந்தாள்.

ஒரு வரிசை மரம் முழுக்கச் சிரட்டைகள் கமத்திக் கிடந்தன. பால் மண்ணில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. கடைசி மரத்தடியில் லிஜி நின்றாள். சிரட்டையைச் சாய்த்து ஊற்றினாள், விரலால் வழித்தாள், கமத்தி வளையத்தில் வைத்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாவதும் படிந்துவிட்டது. ஆனந்தபாய்க்கு ஒரு கணம் ஆனந்தம்தான் வந்தது. ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. பிறகுதான் மண்ணில் கிடந்த பாலும் முதலாளியின் முகமும் கண்ணில் பட்டன.

"இனி இந்தப் பிள்ள தோட்டத்துல காலு வைக்கப்படாது" என்றார் விஜயதாஸ்.

"ரெண்டாம் பிளாக்கு இல்லாம இருந்தா அவ இஞ்ச வரமாட்டா முதலாளி. பள்ளியில இருப்பா."

"பள்ளிக் கதைய எனக்குச் சொல்லாத. அங்க சுத்துத ஃபேனு நான் காசு போட்டு வேண்டிக் குடுத்ததாக்கும். பேரு எழுதியிருக்கு, பாத்ததில்லையா?"

"பாத்திருக்கேன் முதலாளி. ஃபேனு குடுத்தீங்க, அதுக்கடியில இருக்கதுக்கு உள்ள நேரத்த எடுத்துட்டீங்க."

அவர் முகம் கறுத்தது. "எல்லாரும் வாய் மிண்டாம செய்யுதாவ. உனக்கு மட்டும் என்ன கொம்பா? வீட்டுல கெட்டிப் போட்டுட்டு வா. முடியாட்டா நீயும் வராண்டாம்."

ஜீப் போனது. வெட்டுக்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். யாரும் கிட்ட வரவில்லை. ஆனந்தபாய் தனியாகக் குனிந்து ஒவ்வொரு சிரட்டையாக நிமிர்த்தினாள். சிரட்டையை அம்மா நிமிர்த்துவது புரியாமல் லிஜி, "வேண்டாம், வேண்டாம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். தாயின் கண்ணீர் பாலோடு சேர்ந்து மண்ணில் விழுந்தது.

எதிர் முனையிலிருந்து இன்னொரு கை சிரட்டைகளை நிமிர்த்திக்கொண்டு வந்தது. அம்மிணி. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து தினமும் நடந்து வருகிறவள். வேலை முடிந்ததும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஓடிவிடுவாள். சரியான தலைக்கனம் பிடித்தவள் என்று அவளுக்குப் பேர்.

"அக்கா, இத ஆரு படிப்பிச்சா இவளுக்கு?"

"நான்தான்."

அம்மிணி கையிலிருந்த சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் ஒரு மோளு உண்டு. நந்தனா. இப்படித்தான். நான் வரும்போ கதவப் பூட்டிட்டாக்கும் வாறது. திரும்பிப் போவும்போ கதவுக்குப் பின்னாலயே நிப்பா, ஒரு நாளும் அவ உக்காந்து பாத்ததில்ல." சிரட்டையை நிமிர்த்தி வளையத்தில் வைத்தாள். "கெட்டிப் போட்டுட்டு வான்னு அவரு சொன்னப்ப எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு அக்கா. நான் அதத்தான செய்யுதேன். அந்தப் பள்ளியில அந்தப் பக்கத்துப் பிள்ளைய எடுப்பினுமா?"

ஆனந்தபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருடமாக லிஜியைத் தவிர ஒரு கையை அவள் பிடித்ததில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பின்னால் நின்ற ஞானையன் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "எனக்குப் பள்ளிக்கு விட பிள்ள இல்ல. ஆனா ரெண்டு பிளாக்கு வெட்டி எனக்க முதுகும் ஒடிஞ்சுதான் கிடக்கு. அண்ணைக்கே நான் மிண்டியிருக்கணும். நாளைக்கு நீங்க ரெண்டுபேரும் பிள்ளையளக் கொண்டு போங்க. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

மறுநாள் விடிந்தபோது முதல் பிளாக் வெட்டி முடிந்திருந்தது. இரண்டாம் பிளாக்குக்கு யாரும் ஏறவில்லை. ஆனந்தபாயும் அம்மிணியும் சரிவிறங்கினார்கள். லிஜி புகைப்புரைத் திண்டில் காத்திருந்தாள். பக்கத்தில், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நந்தனா. ரோட்டைத் தொடும்போது மேலே ஜீப் ஏறும் சத்தம் கேட்டது. ஆனந்தபாயின் கால் தயங்கியது.

"நடங்க அக்கா" என்றாள் அம்மிணி.

லேகா டீச்சர் வாசலில் நின்று நந்தனாவை ஒரு நிமிடம் பார்த்தாள். கமிட்டியிடம் பேசிப் பார்ப்பதாகத்தான் சொன்னாள், உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் பாயை இன்னும் கொஞ்சம் விரித்துப் போட்டாள். அந்த ஒரு மணி நேரமும் அம்மிணி வேறு எங்கும் திரும்பவில்லை. மகள் உட்கார்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால் எடுக்க நேரமாகிவிட்டது. பிள்ளைகளை விட்டுவிட்டு இருவரும் மூச்சு வாங்க மேலே ஏறினார்கள். தன் பிளாக்கைப் பார்த்ததும் ஆனந்தபாய்க்கு உயிரே போய்விட்டது. வரிசை வரிசையாக எல்லாச் சிரட்டைகளும் கமத்திக் கிடந்தன. லிஜி என்று வாய் தன்னால் கூப்பிட்டது. லிஜி கீழே பள்ளியில் இருக்கிறாள் என்று அப்புறம்தான் உறைத்தது. குனிந்து பார்த்தாள். மண் காய்ந்து கிடந்தது. மரத்தடியில் அவளுடைய வாளி, விளிம்பு வரை பாலோடு, மேலே அகன்ற வட்டயிலையால் மூடியிருந்தது. பக்கத்திலேயே அம்மிணியின் வாளி.

புகைப்புரை முன்னால் வெட்டுக்காரர்கள் எல்லாரும் கூட்டமாக நின்றார்கள். ஜீப்பின் முன் விஜயதாஸ் முதலாளி நின்றார்.

"நாளைக்குத் தமிழ்நாட்டுல இருந்து ஆளக் கொண்டு எறக்குவேன், பாக்குதியளா?"

"கொண்டு வாங்க முதலாளி" என்றார் ஞானையன் அண்ணன். "அவங்களுக்கும் முதுகு உண்டு, பிள்ள உண்டு. நாங்க வழியில நிண்ணு அவங்ககிட்டப் பேசிக்கிடுதோம். எங்களுக்கு ஒரு பிளாக்கு போரும்."

முதலாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நேற்று வரை அந்த முகங்கள் குனிந்துவிடும். இன்று சில முகங்கள் பயத்தில் வெளுத்திருந்தன, ஆனாலும் குனியவில்லை. நாளை என்ன ஆகும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஆனந்தபாய் வாளியை இறக்கி வைத்தாள். அவள் வருவதைப் பார்த்து ஞானையன் அண்ணன் கொஞ்சம் ஒதுங்கி நடுவில் இடம் விட்டார். அந்த இடத்தில் போய் அவள் நின்றுகொண்டாள்.