இடப்பக்கக் கதவுக்கு ஆரஞ்சுப் பேடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. ராஜபாளையத்தில் முனீஸ்வரி நடத்துகிற கார் பாலிஷ் கடையில் என் வெள்ளை வண்டியைக் கழுவக் கொடுத்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போனில் சார்ஜ் இல்லை. இருந்திருந்தால் கிரிக்கெட் பார்த்திருப்பேன், உங்களுக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

முதல் வரியை நாலு தடவை எழுதிப் பார்த்தேன்.

கறுப்பு என்பது வெறும் நிறமல்ல, அது ஒரு... (எது? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

புரட்டாசி வெயிலில் அந்தக் கார் ஒரு... (உவமை தேடி அரைமணி நேரம் போனது. கார் காராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.)

காரிலிருந்து இறங்கிய கோதாவின் கண்களில்... (அவள் கூலிங் கிளாஸ் போட்டிருந்தாள். கண்ணை அப்போது நான் பார்க்கவே இல்லை.)

நாலாவது வரி இது. கோதாவின் அப்பா சடகோபன் இரண்டு வருடமாக அவள் காரில் ஏறவில்லை, காரணம் அது கறுப்பு.

இதை வைத்துக்கொண்டு மேலே போவோம்.

2

கோதாவுக்கு முப்பத்திநாலு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. ராஜபாளையத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்த்து எழுதிக்கொடுக்கும் வேலை. (கண் ஆஸ்பத்திரி நானாக வைத்ததல்ல. பின்னால் நடப்பதைப் படித்துவிட்டு, 'எழுத்தாளர் வேண்டுமென்றே செய்திருக்கிறார்' என்பீர்கள். நானாக வைத்திருந்தால் எனக்கே வெட்கமாக இருந்திருக்கும்.) அம்மா வஞ்சுளவல்லி பெங்களூரில் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள். வீட்டில் கோதாவும், தபாலாபீஸிலிருந்து ரிடையரான சடகோபனும்தான்.

கார் வாங்கிய அன்று நடந்ததை அவள் முனீஸ்வரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கறுப்புல யாராவது வண்டி வாங்குவாளான்னு கேட்டார். பெருமாளே கறுப்புதானேப்பான்னேன். பெருமாள் கறுப்புதான், அவர் ஏறி வர கருடன் கறுப்பான்னுட்டார். அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிலிருந்து ஒட்டுக்கேட்பது, கேட்பதாக ஆனது.

இரண்டு வருடமாக அந்த மனிதர் எங்கே போனாலும் பஸ்தான். மழையில் நின்றாலும் பஸ்தான். ஒவ்வொரு புரட்டாசி சனிக்கிழமையும் திருவண்ணாமலைக்குப் போவார். (நம்ம திருவண்ணாமலை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் மலைமேல் பெருமாள் இருக்கிற ஊர். கிரிவலம் போகிற ஊர் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.) போன வருடம் பஸ் கூட்டத்தில் படியிலிருந்து தள்ளுப்பட்டு முழங்காலில் அடி. ஒரு மாதம் நொண்டினார். அப்போதும் காரில் ஏறவில்லை.

"இந்தச் சனிக்கிழமை எப்படியாவது அவரை இதுல உக்கார வெச்சு அழைச்சுண்டு போகணும். ஒரே ஒரு தடவை ஏறிட்டார்னா போறும், அப்பறம் பழகிடும். ஆனா வண்டியைப் பாருங்கோ, கறுப்பு கறுப்பாவும் இல்லாம சாம்பல் பூத்துக் கெடக்கு. அதையும் அவர் சொல்லிக் காட்டறார். புதுசாட்டம் ஆக்கிக் குடுங்கோ."

3

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தக் கதையின் முதல் பிரதியில் கடைக்காரர் பெயர் கௌதம்ராஜ். தாடி வைத்திருந்தார். பாலிஷ் மெஷினைப் பிடித்து நிற்பது ஒரு பெண் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்களோ என்று பயந்து, முனீஸ்வரியை ஆணாக மாற்றிவிட்டேன். மாற்றியதோடு நில்லாமல், விவரம் சரியா பாருங்கள் என்று அவளுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தேன். புத்தி அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அண்ணாச்சி, படிச்சேன். நல்லாத்தான் எழுதிருக்கீய. யாரு அந்தக் கௌதம்ராஜு? இனிமே ஒங்க வண்டிய அவருட்டயே கொண்டு போங்க. பொறவு, கறுப்பு வண்டிக்குக் கறுப்புப் பேடுன்னு எழுதிருக்கீய. வண்டி நெறத்துக்கும் பேடு நெறத்துக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. மாத்திருங்க."

மாற்றிவிட்டேன். கௌதம்ராஜ் தாடியோடு வெளியேறினார்.

பேடு என்பது மெஷினின் முகத்தில் ஒட்டிச் சுற்றுகிற வட்டத் தலை. முனீஸ்வரியிடம் மூன்று வகை உண்டு. கம்பளிப் பேடு பெயிண்டின் மேல்தோலைச் சீக்கிரம் தின்னும், ஆழமான கீறலுக்கு. ஆரஞ்சு நுரைப் பேடு நடுத்தரம். கறுப்பு நுரைப் பேடு மெத்து, அது கீறலை எடுக்காது, பளபளப்பு மட்டும் தரும். ஊற்றுகிற மருந்தும் அப்படியே. முரட்டு காம்பவுண்டு, நடுத்தர பாலிஷ், கடைசியாக மினுக்குகிற பாலிஷ். எந்தப் பேடுக்கு எந்த மருந்து என்பதில்தான் பிழைப்பே இருக்கிறது. தப்பாகச் சேர்த்தால் கறுப்பு வண்டி காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை வண்டியில் எல்லாம் மறைந்துபோகும். (என் வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.)

"எப்பவும் மெத்துல இருந்துதான் தொடங்கணும் அண்ணாச்சி. பத்தலைன்னா அடுத்ததுக்குப் போகலாம். எடுத்த பெயிண்ட திருப்பி ஒட்ட ஏலாது."

நான் எழுதும்போது கம்பளியில்தான் தொடங்குவேன். அதனால்தான் இத்தனை பிரதி.

4

இனி நடந்தது.

முனீஸ்வரி காரைக் கழுவி, துடைத்து, ஷட்டரை பாதி இறக்கிவிட்டு, கையில் பிடிக்கிற பெரிய விளக்கைப் போட்டாள். கறுப்பு முழுக்க வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். நாற்காலியோடு நானும் நகர்ந்து போனேன்.

"யாருக்கா தெனமும் தொடைக்கிறது?" என்றாள்.

"யாரும் இல்லையே. மாசத்துக்கு ஒரு தடவை வாட்டர் வாஷ் குடுப்பேன், அவ்வளவுதான்."

"இல்லக்கா. தெனமும் யாரோ தொடைக்காவ. தண்ணி இல்லாம, தூசியோட, காஞ்ச துணியில. வலது கைக்காரவ. ரொம்ப உயரமும் கெடையாது. இங்கன பாருங்க, கூரைக்கு நடுவுல ஒரு கீறலும் இல்ல, எட்டல அவியளுக்கு."

"எங்காத்துல நானும் அப்பாவும்தான் இருக்கோம்" என்றாள் கோதா. சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது என்று நினைக்கிறேன்.

முனீஸ்வரி விளக்கை முன்பக்கம் இடதுபுறக் கதவுக்குக் கொண்டுபோனாள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் கதவு. அங்கே வட்டத்தின் மேல் வட்டமாகக் கீறல் அப்பிக் கிடந்தது. கைப்பிடிக்குக் கீழே நாலு கோடுகள் மட்டும் ஆழமாக இருந்தன. குனிந்து கைப்பிடி இடுக்கில் பார்த்தாள். ஒரு சின்ன இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்துக் கோதாவின் உள்ளங்கையில் வைத்தாள். விரல் நீளத்துக்குச் சரிகை நூல், கூடவே அரக்குக் கலரில் கொஞ்சம் இழை.

கோதா கூலிங் கிளாஸைக் கழற்றினாள்.

"இது அப்பாவோட ஒம்பதஞ்சு" என்றாள். பஞ்சகச்சம் கட்டுகிற பெரிய வேட்டி, அங்கவஸ்திரத்தோடு. "அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்தது. கிழிஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னாரே."

"பழைய பனியன்ல தொடச்சிருந்தாக்கூட இம்புட்டு ஆழமா விழுந்திருக்காது. நல்ல துணியாப் பாத்து எடுத்திருக்காவ. சரிகை கிழிச்சிருக்கு."

"தினம் எட்டரைக்கு வாசலுக்கு வருவேன், வண்டி சுத்தமா இருக்கும். பனி பேஞ்சு கழுவிடறதுன்னு நெனச்சுண்டிருந்தேன்."

"சித்திரையிலயுமாக்கா பனி பேயும்?"

கோதா சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "ஏறவே மாட்டேன்னு சொன்ன கதவையா இந்தத் தேய் தேச்சிருக்கார்?"

"அந்தக் கதவத்தான்" என்றாள் முனீஸ்வரி.

(இங்கே 'அன்பு என்பது' என்று தொடங்கும் ஒரு பத்தி இருந்தது. முனீஸ்வரி கண்ணில் படுவதற்குள் நானே எடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். என் வண்டி ரெடி, எடுத்துக்கொள்ளலாம் என்று கழுவுகிற பையன் வந்து சொன்னான். நான் எழுந்திருக்கவில்லை.)

5

கதவில் ஒரு சதுரத்துக்கு டேப் ஒட்டினாள். முதலில் கறுப்பு நுரையும் மினுக்குப் பாலிஷும். கீறல்கள் அப்படியே இருந்தன. அடுத்து ஆரஞ்சு நுரையும் நடுத்தர பாலிஷும். மெஷினை மெதுவாக, ஒரு கோட்டின் பாதியை அடுத்த கோடு மூடுகிற மாதிரி ஓட்டினாள். துடைத்துவிட்டு விளக்கைக் காட்டியபோது வட்டங்கள் காணாமல் போயிருந்தன. எனக்கு என் மூஞ்சி தெரிந்தது. நாலு சரிகைக் கோடு மட்டும் மங்கலாக மிச்சம் இருந்தது.

"இது போகாதா?" என்றாள் கோதா.

"கம்பளியும் காம்பவுண்டும் போட்டா போயிரும். ஆனா..." என்று அளக்கிற கருவியைக் கதவில் வைத்துக் காட்டினாள். "இங்கன மேல்பூச்சு மெலிசா இருக்கு. இந்தத் தடவ எடுத்துட்டா அடுத்த தடவ இந்தக் கதவத் தொட முடியாது. ஒங்க வண்டி, நீங்க சொல்லுங்க."

வந்தபோது புதுசாட்டம் ஆக்கிக் கொடுங்கள் என்றவள் அவள். இப்போது கையிலிருந்த நூலைச் சுருட்டிப் பர்ஸில் வைத்தாள்.

"நாலு கோடுதானே, இருக்கட்டும். ஆரஞ்சே போறும்."

முனீஸ்வரிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "கோடு கெடக்குன்னு பொறவு யாரும் என் வேலையச் சொல்லக்கூடாது" என்றாள்.

"யாரும் சொல்லமாட்டா."

வேலை முடிய சாயந்திரம் ஆனது. கிளம்பும்போது முனீஸ்வரி இரண்டு பச்சை மைக்ரோஃபைபர் துணியும் ஒரு ஸ்பிரே பாட்டிலும் கொடுத்தாள். "தண்ணி தெளிச்சு, நேரா, ஒரே போக்குல தொடைக்கச் சொல்லுங்க. வட்டம் போடக்கூடாது."

"நான் எப்படிச் சொல்லுவேன்? எனக்குத் தெரிஞ்சதே அவருக்குத் தெரியாதே. தெரிஞ்சா அதையும் நிறுத்திட்டார்னா?"

முனீஸ்வரி மெஷின் வயரைச் சுருட்டினாள். "அந்த வேட்டிய எங்கன ஒளிச்சு வச்சிருக்காவளோ கண்டுபிடிங்க. அத எடுத்துட்டு இத வச்சிருங்க. ஒண்ணும் பேசாண்டாம்."

6

கடையில் நான் பார்த்தது இத்தோடு முடிந்தது. வேட்டி செருப்பு அலமாரிக்குப் பின்னால் இருந்தது, வெள்ளிக்கிழமை ராத்திரி துணியை மாற்றி வைத்துவிட்டேன் என்று கோதா முனீஸ்வரிக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள். விடிந்தால் மலைக்குப் போகிற சனிக்கிழமை. மிச்சத்தை நானாகத்தான் எழுத வேண்டும்.

முடிவு ஒன்று: சடகோபன் பச்சைத் துணியைப் பார்க்கிறார். கண் கலங்குகிறது. 'கிளம்பலாமாடி' என்கிறார். (எழுதி முடித்ததும் எனக்கே பின்னணி இசை கேட்டது. நீக்கினேன்.)

முடிவு இரண்டு: குட்டு வெளிப்பட்ட கோபத்தில் துணியைத் திண்ணையில் வீசிவிட்டு ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விடுகிறார். (கரண்ட் போயிருந்த மத்தியானத்தில் எழுதியது. அந்தப் புழுக்கத்துக்கு அவரைத் தண்டித்திருக்கக் கூடாது.)

முடிவு மூன்று: எதுவும் நடக்காத மாதிரி புதுத் துணியில் துடைத்து வைக்கிறார். எதுவும் தெரியாத மாதிரி கோதா வண்டியை எடுக்கிறாள். பஸ்ஸில் அவர் போகிறார். இன்னும் இரண்டு வருடம் இப்படியே. (நம் வீடுகளில் இதுதான் நடக்கும். அதனாலேயே எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.)

மூன்றையும் முனீஸ்வரிக்கு அனுப்பினேன்.

"மூணுமே பரவால்ல அண்ணாச்சி. ஆனா தண்ணி தெளிச்சுத் தொடச்சாவளா, காஞ்சபடிக்கே தொடச்சாவளான்னு ஒண்ணுலயும் எழுதலையே."

7

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். என் வண்டி சுத்தமாகத்தான் இருந்தது. சும்மா போனேன்.

"நேத்து அந்தக்கா படம் அனுப்பிருந்தாவ" என்று முனீஸ்வரி போனை நீட்டினாள்.

இடப்பக்கக் கதவு. வேறு ஒன்றும் இல்லை, வீடு இல்லை, மலை இல்லை. கதவு முழுக்கக் கறுப்பு, அந்தக் கறுப்பில் போனை உயர்த்திப் பிடித்துப் படமெடுக்கிற கோதா தெரிந்தாள். அவள் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டி, அதற்கு மேலே நெற்றியில் நாமம். மிச்சமிருந்த நாலு கோடும் அந்த வேட்டிக்குக் குறுக்கே விழுந்திருந்தன. முகம் சரியாகத் தெரியவில்லை. அவர் கையில் பச்சையாக ஏதோ இருந்தது.

முனீஸ்வரி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அவள் பார்த்தது கதவின் ஓரத்தை. "மெஷின் ஓட்டின தடம் ஒண்ணுகூட இல்ல பாத்தீயளா" என்றாள்.

"கையில என்ன வச்சிருக்கார்?"

"தெரியலையே. இந்தாங்க, நீங்களே பெருசு பண்ணிப் பாருங்க."

போனை வாங்கினேன். துணி என்றால் அவர் இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார். பிரசாதமாகக் கிடைத்த துளசி மாலை என்றால் காரில் ஏறி, மலைக்குப் போய், இறங்கியாயிற்று. படத்தின் மேல் விரலை வைத்தேன். பெரிதாக்கவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோழை என்று சொல்லுங்கள், பரவாயில்லை. மூன்று முடிவு எழுதித் தோற்றவன் நான், நாலாவதை நீங்கள் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முனீஸ்வரி போனை இடுப்பில் செருகிக்கொண்டு மெஷினுக்கு ஆரஞ்சுப் பேடு மாட்டினாள்.

"எதுவா இருந்தா என்ன அண்ணாச்சி," என்றாள், "ஈரமா இருந்தாச் சரி."