றொக்கி தேறாத நாள்

1

சிரிக்க வைக்கும் நாய்க்கதை ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கதையைத் தந்தவன் சிவகரன், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் வேலணையில் நாய் பழக்குகிறவன். தன்னைக் கொஞ்சம் நல்லவனாக எழுதச் சொன்னான். முயன்று பார்த்தேன், சரிவரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெயில் ஏறிய ஒரு காலையில், அஞ்சா நெஞ்சன் சிவகரன்..." (வெட்டிவிட்டேன். அவன் அஞ்சியதுதான் கதையே.)

2

நாரந்தனையில் மேரிசுகந்தி தன் நாய் றொக்கியோடு தனியாக இருந்தார். பக்கத்து வளவில் களவு போனதும், கனடாவிலிருக்கும் மகன் மிதுஷன் ஒரேயடியாகச் சொல்லிவிட்டான்: றொக்கி காவலுக்குத் தேறினால் அம்மா தன் வீட்டிலேயே இருக்கலாம், தேறாவிட்டால் யாழ்ப்பாணத்தில் முதியோர் இல்லம். றொக்கிக்குத் தாய் ஊர்நாய், தகப்பன் அல்சேசன் என்று கேள்வி. அது தேறுமா என்று பார்க்கத்தான் சிவகரன் போனான்.

சோதிக்கிறவன் நாய்க்கு அந்நியனாக இருக்கவேண்டும். படலைக்கு வெளியிலிருந்து, தடித்த சாக்குக் கையுறையும் ஓங்கிய தடியுமாக உள்ளே பாயவேண்டும்.*

(* வெளிநாட்டுக்காரர் எழுதிய விதி. தீவுப்பகுதியில் ஒரு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி வேண்டாம் என்றால் அந்த வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவர்களுக்கு எங்கே தெரியும்!)

"முதல்லை வந்து இரும் தம்பி. குடிச்சிட்டு உம்மடை வேலையைப் பாருமன்" என்றார் மேரிசுகந்தி.

அவன் குசினிக்குள் போய்க் கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்தான். மேரிசுகந்தி அவன் கையாலேயே நாய்க்கு விசுக்கோத்தும் கொடுக்க வைத்தார். "றொக்கி, இவர் எங்கடை ஆள், கண்டியோ."

பிறகு சிவகரன் வெளியே போய், தடியை ஓங்கிக் கத்திக்கொண்டு மேரிசுகந்திமேல் பாய்ந்தான். றொக்கி வாலை ஆட்டியபடி வந்து கையுறையை நக்கியது.

கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த மிதுஷன் கேட்டான்: "என்னண்ணை, கள்ளனைக் கொஞ்சுது?"

3

இந்த இடத்தில் சிவகரனை எனக்குப் பிடிக்கவில்லை. "பிழை என்னிலை. நான் முதல்லையே உள்ளுக்கை வந்து நாயோடை பழகிட்டன், வேறை ஆளைக் கொண்டு சோதிப்பம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் விதி தெரியாத ஆள் என்ற பெயர் கனடாவரை போய்விடுமே.

"கலப்புச் சாதி, தம்பி. இதை நம்ப ஏலாது" என்றான்.

மேரிசுகந்தி நாயின் தலையைத் தடவினார். "அது பாவம், அதுக்கு என்ன தெரியும்." அவனை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் அவனைக் குடைகிறது. குடையட்டும்.

4

முடிவு ஒன்று: அன்று பின்னேரமே மிதுஷனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறான். (பொய். கூப்பிடவில்லை.)

முடிவு இரண்டு: போகமாட்டேன் என்று மேரிசுகந்தி றொக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு... (இல்லை. ஒரு பெட்டியோடு போய்விட்டார். இல்லத்தில் நாய்க்கு இடமில்லை.)

நடந்தது இதுதான். அயலவர் போடும் சோற்றைத் தின்றுகொண்டு றொக்கி பூட்டிய வீட்டிலேயே கிடந்தது. அதைத் தானே வளர்க்கலாம் என்று சிவகரன் ஒருநாள் போனான். "எங்கடை ஆள்" என்று சொல்ல இப்போது வீட்டில் யாருமில்லை. படலையைத் திறந்து கால் வைத்ததும் றொக்கி பாய்ந்து கையைக் கவ்வியது. அவன் வெளியே போகும்வரை விடவில்லை, போனதும் ஒரு அடிகூடத் துரத்தவில்லை. திரும்பிப்போய் வாசற்கதவோடு நின்றது. இவ்வளவு நல்ல காவல் நாயைத் தான் கண்டதேயில்லை என்று சொன்னபோது சிவகரன் அழுதான்.

மிதுஷனுக்குச் சொன்னாயா என்று கேட்டேன். கடிபட்ட கையைத் தடவிக்கொண்டு, தன்னைக் கொஞ்சம் நல்லவனாக எழுதச் சொன்னான்.

அவனைச் சொல்ல வைத்து ஒரு வரி எழுதிவிட்டு அழித்தேன். நான் எழுதினால் அவனுக்கு மன்னிப்புக் கிடைத்துவிடும், மேரிசுகந்திக்கு வீடு கிடைக்காது. முடிவு வேண்டுமென்றால் நீங்கள் போய் அவனை உலுப்புங்கள். மேரிசுகந்தி இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், அந்த இல்லத்தில்.