நூற்று மூன்று வருஷப் பகை

ஜூலை நாலாம் தேதி ரஸ் ஹாவ்லிக் தன் அக்கா நோரீன் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, பன்றி விலா ஒரு தட்டு, சோளக்கதிர் நாலு, உருளைக்கிழங்கு சாலட் ஒரு கிண்ணம் என்று வெளுத்துக் கட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாடுன்னா இதுதாங்கா சாப்பாடு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனான். பாவி, வேறு ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்ததா? வரவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் ஆபீஸ் டிவியில்தான் நோரீன் பார்த்தாள். பெல்ரோஸ் பல்கலைக்கழகம் விளையாட்டுக் கூட்டணி மாறுகிறதாம். பழைய பத்துக் கல்லூரிக் கூட்டணியை உதறிவிட்டு, கடலோரத்துப் பெரிய கல்லூரிகளோடு சேரப் போகிறதாம்.

அந்த பெல்ரோஸ் கால்பந்து அணிக்கு ரஸ்தான் தலைமைக் கோச். விஷயம் அவனுக்கு ஏப்ரலிலேயே தெரியும்.

நோரீன் உடனே போனை எடுத்தாள்.

"டேய், என் வீட்டுல உக்காந்து அந்தத் தின்னு தின்னியே, அப்பவே தெரியுமா உனக்கு?"

"வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்கக்கா."

"நான் வெளியாளாடா?"

"நீ டன்ஹாம்."

உண்மைதானே. அவள் வேலை பார்ப்பது டன்ஹாம் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். எந்தச் சனிக்கிழமை எந்த ஊரில் யாரோடு ஆட்டம் என்று அட்டவணை போடுவது இருபத்தாறு வருஷமாக அவள் கையில் இருக்கிறது. டன்ஹாமுக்கும் பெல்ரோஸுக்கும் நடுவே நாற்பது மைல் கோதுமை வயலும் நூற்று மூன்று வருஷப் பகையும் கிடக்கின்றன. நவம்பர் கடைசியில் வருகிற தாங்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை இந்த இரண்டு அணியும் மோதும். அன்றைக்கு இரண்டு ஊரிலும் கடை திறக்காது. செத்தவனைக்கூட மறுநாள்தான் புதைப்பார்கள்.

"அப்ப நம்ம ஆட்டம்?" என்றாள்.

"இந்த நவம்பரோட சரி. அப்புறம் எங்க அட்டவணையில இடமே இல்ல. விடுக்கா, காலம் மாறிப் போச்சு."

"காலம் மாறலடா. நீதான் மாறினே" என்று சொல்லி போனை வைத்தாள்.

அலமாரியைத் திறந்து ஒப்பந்தங்களை எடுத்து மேஜை மேல் போட்டாள். ஆயிரத்து ஐநூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கார்வர் கல்லூரியோடு எட்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் இருந்தது. பெயரை ஒழுங்காகச் சொல்லக்கூட வராத ஒரு கல்லூரியோடு நாலு வருஷத்துக்கு இருந்தது. பெல்ரோஸோடு? தேடு தேடு என்று தேடினாள். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கூட்டணியே வருஷா வருஷம் அந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிடும். அவளும் புது அட்டவணை என்றால் முதலில் அந்த வெள்ளிக்கிழமையில் பெல்ரோஸ் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பாள். சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது எழுதி வாங்குவார்களா? ஊர் பேர் தெரியாதவனிடமெல்லாம் வரிக்கு வரி கையெழுத்து வாங்கியவள், நாற்பது மைலில் இருக்கிற ஜென்மப் பகையாளியிடம் வாங்காமல் விட்டுவிட்டாள். "புத்தி கெட்டவளே, அட்டவணை உன் கையிலதானே இருந்துச்சு" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

டன்ஹாம் விளையாட்டுத் துறை டைரக்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் எதற்கும் சட்டென்று கையை விரித்துவிடுவார். "ஊர் உலகமே இப்படித்தான் போயிட்டிருக்கு நோரீன். டிவிக்காரங்க பணத்தைக் காட்டி இழுக்கிற பக்கம் எல்லாரும் ஓடறாங்க. நாம என்ன பண்ண முடியும்?"

"ஊர் உலகம் எக்கேடு கெட்டா எனக்கென்ன சார்? இந்த ஆட்டம் நடக்கும். நான் நடத்திக் காட்டறேன்."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியும். பெல்ரோஸ் இல்லாத டன்ஹாம் வெறும் ஒரு கல்லூரி. அது ஒன்று. இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். ரஸ் சின்ன வயதில் பெல்ரோஸ் பக்கம் சாய்ந்ததே அக்கா டன்ஹாம் பக்கம் நின்றாள் என்கிற ஒரே காரணத்தால்தான். ஐம்பது வருஷமாக அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் திட்டித்தான் பேசியிருக்கிறார்கள், பாசமாக ஒரு நாளும் பேசியது கிடையாது. அந்த ஆட்டம் போய்விட்டால் அவனோடு என்னத்தைப் பேசுவது?

ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க அவள் அட்டவணைகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதுக் கூட்டணியில் பெல்ரோஸுக்கு ஒன்பது ஆட்டம் கட்டாயம். மீதி மூன்று சனிக்கிழமைதான் அவர்கள் இஷ்டம். மூன்றும் நிரம்பியிருந்தன. ஆனால் அடுத்த ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி பெல்ரோஸுக்கு வருவது லோவல் ஆசிரியர் கல்லூரி. அது பொடிக் கல்லூரி. பெரிய அணி சீசன் ஆரம்பத்தில் அடித்துப் பழகக் கூப்பிடுகிற கேஸ். அதே நாளில் டன்ஹாம் போக வேண்டியது கார்வருக்கு. லோவலைக் கார்வருக்கு அனுப்பிவிட்டால்? டன்ஹாமும் பெல்ரோஸும் ஒரே நாளில் சும்மா நிற்கும். நோரீன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

சொல்வது சுலபம். கார்வர்காரர்கள் மூன்று வாரம் இழுத்தடித்து, "வர்ற அணி எதுவா இருந்தா என்ன, மைதானம் நிறைஞ்சாப் போதும்" என்று கடைசியில் இறங்கி வந்தார்கள். லோவல் கோச் ஆர்லோ பிஞ்ச்தான் மசியவில்லை.

"அம்மா, பெல்ரோஸ் மைதானத்துல அடி வாங்கினாலும் எங்க பசங்களுக்கு அது பெருமை. ஆயுசுக்கும் சொல்லிக்குவாங்க. அதைப் பிடுங்கறீங்களே!"

"அடி வாங்கறதுல என்ன சார் பெருமை? இந்தத் தடவை கார்வருக்குப் போயிட்டு, அதுக்கு அடுத்த வருஷம் எங்க மைதானத்துக்கு வாங்க. முப்பதாயிரம் பேர் உக்காந்து பார்ப்பாங்க."

"அடிப்பீங்களா?"

"நல்லாவே அடிப்போம்."

பிஞ்ச் சிரித்துவிட்டார். "பொய் சொல்லாம கூப்பிடறீங்க. எழுதிக்குங்க, வரோம்."

எழுதிக்கொண்டாள். எழுதியதோடு விடவில்லை, அன்றைக்கே கையெழுத்தும் வாங்கினாள். சூடு கண்ட பூனையாயிற்றே.

இனி பெல்ரோஸ். அந்தக் கல்லூரி டைரக்டர் அட்டவணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. எங்க கோச் சரின்னு கையெழுத்துப் போட்டா நானும் போடறேன்" என்றார். அங்கேதான் சிக்கியது. ரஸ் போனை எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் பயிற்சியில் இருக்கிறான் என்கிறார்கள். பயிற்சிக்குப் போனால் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை என்று வாசலிலேயே நிறுத்துகிறார்கள். டன்ஹாம் அணியின் சின்னமான எருமைப் படம் போட்ட மஞ்சள் சட்டையோடு போனால் விடுவார்களா!

ஏன் ஒளிகிறான் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஆட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. தோற்ற அணியின் கோச், மைதானத்தின் நடுவில் பெட்டி மேல் ஏறி நின்று, ஜெயித்த அணியின் பாண்டு வாத்தியக்காரர்களுக்கு முன்னால் குச்சியை ஆட்டி, அவர்களுடைய கல்லூரிப் பாட்டை முழுசாக நடத்திக் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷமாக ரஸ்தான் அந்தப் பெட்டி மேல் ஏறினான். போன நவம்பரில் டன்ஹாம் பிள்ளைகள் வேண்டுமென்றே இழு இழு என்று இழுத்து வாசித்து, மூன்று நிமிஷப் பாட்டை ஏழு நிமிஷம் ஓட்டினார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு அவன் குச்சி ஆட்டின படத்தை டன்ஹாமில் காபிக் கோப்பையில் அச்சடித்து விற்கிறார்கள். நோரீனிடமே இரண்டு இருக்கின்றன.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, சாயந்திரம் ஆறு மணி. வாராவாரம் அந்த நேரத்தில் பெல்ரோஸ் கோச், ஊர் நடுவில் இருக்கிற ஸ்டீக் ஹோட்டலில் உட்கார்ந்து ரேடியோவில் பேசுவார். ஹோட்டல் நிறைய ரசிகர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். போனிலும் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். நோரீன் தன் சமையலறையில் ரேடியோவை வைத்துக்கொண்டு நம்பரைச் சுற்றினாள். பதினேழாவது தடவை லைன் கிடைத்தது.

"பெயர், ஊர் சொல்லுங்க" என்றார் நிகழ்ச்சி நடத்துகிற க்ளென் டாப்ஸ்.

"நோரீன். டன்ஹாம்."

ஹோட்டலில் எழுந்த கூச்சல் ரேடியோவில் அப்படியே கேட்டது. "எருமை! எருமை! வெளிய போ!" என்று மேஜையைத் தட்டினார்கள்.

"அக்கா," என்றான் ரஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "இது ரேடியோ."

"தெரிஞ்சுதாண்டா போன் போட்டேன். என் போனைத்தான் நீ எடுக்க மாட்டேங்கறியே. ஒரே கேள்வி. அடுத்த ஆகஸ்ட் இருபத்தெட்டு. லோவல் ஒதுங்கிக்கிட்டாங்க, கார்வர் சரின்னுட்டாங்க, உங்க டைரக்டரும் சரின்னுட்டாரு. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. ஏன் போடல?"

மேஜை தட்டுகிற சத்தம் நின்றது. இந்த விஷயம் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

"அது... எங்க புது அட்டவணை ரொம்பக் கடினம்கா. ஆரம்பத்திலேயே பசங்க அடிபட்டுட்டா? பசங்க நலன்தான் எனக்கு முக்கியம்."

"பசங்க நலனா, உன் குச்சி ஆட்டற கை நலனா?"

எங்கோ ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பயம்னு சொல்றியா?" ரஸ் குரல் ஏறியது.

"ஆமா. ரெண்டு தடவை தோத்தே. இனிமேலும் தோத்துக்கிட்டே இருப்போமோன்னு பயந்து கடலோரம் ஓடறே. நம்ம வீட்டுல யாரும் ஓடினதில்லடா ரஸ். எனக்கு வெக்கமா இருக்கு."

க்ளென் டாப்ஸ் இருமினார். அப்போது ஒரு வயதான பெண் குரல், "அந்த மைக்கைக் குடுய்யா இப்படி" என்றது.

"நான் இமோஜீன் ராட்கே. அம்பத்தோரு வருஷமா பெல்ரோஸ் சீசன் டிக்கெட் வச்சிருக்கேன். டன்ஹாம்காரனைக் கண்டா எனக்கு ஆகாது. என் மருமகன் டன்ஹாம், அவனோட இன்னிக்கு வரைக்கும் முகம் குடுத்துப் பேசினதில்ல. கோச், நீங்க எங்க வேணா சேருங்க. ஆனா முகம் தெரியாதவன ஆயிரத்து ஐநூறு மைல் தள்ளி வச்சுக்கிட்டு நான் எப்படிய்யா திட்டறது? எனக்கு என் எருமைங்க வேணும்!"

ஹோட்டலே எழுந்துவிட்டது. "எருமை வேணும்! எருமை வேணும்!" சற்று முன்னால் வெளியே போ என்று கத்தின அதே தொண்டைகள்தான். நோரீன் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"ஒரு நிபந்தனை" என்றான் ரஸ் கடைசியில். "நீங்க தோத்தா உங்க கோச் பெட்டி ஏறக் கூடாது. நீ ஏறணும். எங்க பாட்டுக்கு நீ குச்சி ஆட்டணும்."

பெல்ரோஸ் பாட்டு காதில் விழுந்தால் ரேடியோவை அணைக்கிறவள் அவள்.

"ஏறறேண்டா" என்றாள். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு என் ஆபீசுக்கு வா."

எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெல்ரோஸ் நிறமான ஊதாக் கோட்டோடு வந்து நின்றான். டன்ஹாம் ஆபீசில் அத்தனை பேரும் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். நோரீன் காகிதக் கட்டை அவன் முன்னால் வைத்தாள். அவன் பேனாவைத் திறந்தான். பக்கத்தைப் புரட்டினான். இன்னொன்றைப் புரட்டினான். புரட்டுகிற கை நின்றது.

"என்னக்கா இது? ஒரு வருஷ ஆட்டம்னுதானே பேச்சு? இதுல பன்னெண்டு சனிக்கிழமை போட்டிருக்கே."

"பன்னெண்டு வருஷம். ஒவ்வொண்ணும் தேதியோட. எதுலயும் நீங்க யாருக்கும் வாக்குக் குடுக்கல, பார்த்துட்டேன்."

"அம்மாடி! பன்னெண்டு வருஷம் என்னை இங்க வச்சிருப்பாங்களாக்கா? அடுத்த சீசன் ரெண்டு ஆட்டம் தோத்தாலே பெட்டியைக் கட்டச் சொல்லிடுவாங்க."

"நீ இருக்க மாட்டே. எனக்கும் மூணு வருஷத்துல ரிட்டையர்மென்ட். நாம ரெண்டு பேரும் இல்லாட்டியும் ஆட்டம் நடக்கணும்டா. அதுக்குத்தான் எழுதி வாங்கறேன்."

ரஸ் அவளை ஏறிட்டுப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தான்.