சிவப்புச் சீட்டு

திருவொற்றியூர் குடோனில் மங்கையின் கை வேகத்தை மிஞ்ச ஆள் கிடையாது. பார்சலை ஸ்கேன் செய்வாள்; திரையில் பச்சை வந்தால் வெள்ளை லேபிள், சிவப்பு வந்தால் சிவப்புச் சீட்டு. சிவப்புச் சீட்டு ஒட்டிய பார்சல் அனுப்பியவனுக்கே திரும்பிப் போகும். வண்டி போகக்கூடாது என்று கம்பெனி முடிவு கட்டிய ஏரியாக்களுக்குத்தான் அந்த மரியாதை. மூலக்கொத்தளத்துப் பார்சல்களில் மாதக்கணக்காக அதை ஒட்டியவள் அவள். அங்கே இருக்கிறவன் என்ன செய்தானோ, நமக்கென்ன என்று இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, பார்சல் ஓடிவரும் பெல்ட்டில் அவள் மகள் பெயரே வந்தது. சினேகா, ஹவுசிங் போர்டு, வியாசர்பாடி. உள்ளே கால்பந்து பூட்ஸ். மறுநாள் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். பூட்ஸ் இல்லாமல் மைதானத்துக்குள் காலை வைக்காதே என்று கோச் சொல்லிவிட்டார். பழைய ஜோடி எப்போதோ வாயைப் பிளந்துவிட்டது. பொட்டப் பிள்ளைக்குப் பந்தாட்டம் எதற்கு என்று ஒரு காலத்தில் திட்டித் தீர்த்த மங்கைதான், இப்போது அடம்பிடித்து ஆர்டர் போட வைத்தவள். சிரித்துக்கொண்டே ஸ்கேன் செய்தாள். திரை சிவந்தது.

"இன்னா சார் இது? எங்க ஏரியாவுக்கு செவப்பு காட்டுது?"

சூப்பர்வைசர் வேலப்பன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்துலேர்ந்து உங்க ஏரியாவும் சேர்ந்துடுச்சும்மா. டெலிவரி பையனோட பைக்க எவனோ தூக்கிட்டானாம். ஒட்டிட்டு அடுத்தத பாரு."

"என் பொண்ணுது சார். கையில குடுத்துடு, கையெழுத்து போட்டு நானே எடுத்துகினு போறேன்."

"கேட்ல செக் பண்ணுவாங்க. மாட்னா திருட்டு கேசு."

எவனோ ஒருத்தன் திருடினான், ஏரியாவே திருடனாகிவிட்டது. சொந்த மகளின் பொருளைத் தொட்டால் இவளும் திருடி.

சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் உசேனும் வியாசர்பாடிதான். அவனிடம் கெஞ்சிப் பார்த்தாள். "நீயாச்சும் வூட்டாண்ட போட்டுட்டுப் போ நைனா."

"வண்டி அங்க நின்னாலே ஆபீஸ்ல தெரிஞ்சிடும்க்கா. எனக்கும் புள்ளைங்க கீதுங்க" என்று தலை குனிந்துகொண்டான்.

அவளே ஒட்டினாள். அவளே தூக்கிப் போய், திரும்பிப் போகும் வண்டியில் அடுக்கினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சினேகா போனை முகத்துக்கு நேரே நீட்டினாள். கம்பெனி மெசேஜ் அனுப்பியிருந்தது: 'வாடிக்கையாளர் பெற்றுக்கொள்ள மறுத்ததால் பார்சல் திருப்பி அனுப்பப்பட்டது.'

"நீதான வாணான்னு சொன்ன?"

"இல்லடி, நம்ம ஏரியாவுக்கே செவப்பு போட்டுட்டானுங்க..."

"ஏமாத்தாதம்மா. நான் ஆடறது உனுக்கு என்னிக்குமே புடிக்காது." சினேகா போனைப் பாயில் வீசினாள். "அந்தச் சீட்ட ஒட்றது யாரு? நீதான? சொல்லு, நீ ஒட்டல?"

"நான்தான்டி ஒட்டுனேன்" என்றாள் மங்கை.